ஆறடி மூன்று அங்குல ஃபுல்பேக்: ஒரு வரவு செலவுக் கணக்கு

ஒரு பருவம் முழுவதும் ஓர் அணி பந்தைக் கையில் ஏந்தி ஓடிக் கடந்த மொத்தத் தூரம் எவ்வளவு? அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். இதற்குத் தனியாக ஒரு சாதனைப் பட்டியல் வைத்திருக்கிறது. 1936இல் டெட்ராய்ட் லயன்ஸ் 12 ஆட்டங்களில் 2,885 கெஜம் ஓடியது. அந்த எண் 36 ஆண்டுகள் அசையவில்லை. 1972இல் மயாமி டால்பின்ஸ் 2,960 கெஜம் ஓடி அதைத் தாண்டியது. அடுத்த ஆண்டே பஃபலோ பில்ஸ் 3,088. 1978இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 3,165. அதற்கப்புறம் 41 ஆண்டுகள் கழித்து, 2019இல் பால்டிமோர் ரேவன்ஸ் 3,296.

1972இலிருந்து கணக்கெடுத்தால் நான்கு அணிகள், நான்கு ஃபுல்பேக்குகள். மயாமியில் லாரி சோங்கா. பஃபலோவில் ஜிம் பிராக்ஸ்டன். நியூ இங்கிலாந்தில் சாம் கன்னிங்ஹாம். பால்டிமோரில் பாட்ரிக் ரிக்கார்ட். இவர்களில் பிராக்ஸ்டன் ஆறடி ஓர் அங்குலம். மற்ற மூவருமே ஆறடி மூன்று அங்குலம், அதாவது 190.5 சென்டிமீட்டர்.

ஃபுல்பேக் என்றால் கட்டையாக, தடித்த கழுத்தோடு இருக்க வேண்டும், உயரமானவனுக்கு அந்த இடம் ஒத்துவராது என்பது அந்த ஆட்டத்தில் பல காலமாகச் சொல்லப்பட்டுவரும் பேச்சு. சாதனைப் பட்டியல் அதற்கு எதிர்ச்சாட்சி சொல்கிறது. நான்கு பேரை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் கணக்கைத் திறந்து பார்க்க அது போதும்.

முதலில் வேலை என்ன என்பது தெரிய வேண்டும். பழைய ‘ஐ’ வியூகத்தில் மூன்று பேர் ஒரே நேர்கோட்டில் நிற்பார்கள். முன்னால் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக், அவருக்குப் பின்னால் சில கெஜம் தள்ளி ஃபுல்பேக், அவருக்கும் பின்னால் டெயில்பேக். பந்து டெயில்பேக்கின் கைக்குப் போகும். ஃபுல்பேக் அதற்கு முன்பே கிளம்பி, முன்வரிசைத் தடியர்கள் திறந்துவைத்த இடைவெளிக்குள் புகுந்து, எதிர்த்து வரும் தடுப்பாளரான லைன்பேக்கரை மோதித் தள்ள வேண்டும். பின்னால் வருகிறவர் அந்த வழியில் ஓடுவார். எப்போதாவது ஃபுல்பேக்கே பந்தை வாங்கிக்கொண்டு ஒரு கெஜம், இரண்டு கெஜம் முட்டித் தள்ளுவார். எப்போதாவது பக்கவாட்டில் நழுவி ஒரு பந்தைப் பிடிப்பார். இன்றைய வேலை இவ்வளவுதான். அறுபது, எழுபதுகளில் இது வேறு வேலை. அப்போது பந்தைச் சுமக்கும் முதல் ஆளே ஃபுல்பேக்தான். உயரத்தைப் பற்றிய கணக்கு குழம்புவதற்கு இந்த மாற்றமே பெரிய காரணம்.

சுமந்த காலத்தின் கணக்கை முதலில் பார்க்கலாம். கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணியின் ஜிம் பிரவுன் ஆறடி இரண்டு அங்குலம், 105 கிலோ. 1957 முதல் 1965 வரை ஒன்பது பருவங்கள், 118 ஆட்டங்கள், ஓர் ஆட்டமும் தவறவில்லை. 2,359 முறை பந்தைச் சுமந்து 12,312 கெஜம். ஒரு சுமப்புக்கு 5.2 கெஜம், ஓர் ஆட்டத்துக்கு 104.3 கெஜம். வாழ்நாள் சராசரியில் ஆட்டத்துக்கு 100 கெஜத்தைத் தாண்டியவர் இன்றுவரை அவர் ஒருவரே. ஒன்பது பருவங்களில் எட்டில் லீகிலேயே அதிகக் கெஜம் ஓடியவரும் அவர்தான். அவர் ஃபுல்பேக். அந்த ஒரு பெயரோடு விவாதத்தை முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் பிரவுனை எந்த விதிக்கும் உதாரணமாகக் காட்டுவது நியாயமில்லை. அவர் எந்த இடத்தில் நின்றிருந்தாலும் ஓடியிருப்பார்.

அதனால் லீகின் இறுதியாட்டமான சூப்பர் பௌல் கணக்குக்குப் போகலாம். இறுதியாட்டத்தில் ஒரு தனிவீரர் ஓடிய அதிகபட்சத் தூரம் எப்படி ஏறியது என்று பாருங்கள். 1969 ஜனவரியில் நியூயார்க் ஜெட்ஸ் ஃபுல்பேக் மேட் ஸ்னெல் 30 சுமப்புகளில் 121 கெஜம். 1974 ஜனவரியில் சோங்கா 33 சுமப்புகளில் 145. 1975 ஜனவரியில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் ஃபிராங்கோ ஹாரிஸ் 34 சுமப்புகளில் 158. 1983 ஜனவரியில் வாஷிங்டனின் ஜான் ரிகின்ஸ் 38 சுமப்புகளில் 166. நான்கு பேரும் ஃபுல்பேக்காக வளர்ந்தவர்கள். ஸ்னெல், ஹாரிஸ், ரிகின்ஸ் மூவரும் 188 சென்டிமீட்டர், சோங்கா 190.5. ஸ்னெல் தவிர மற்ற மூவரும் ஆட்ட நாயகர்கள். ஸ்னெல்லின் ஆட்டத்தில் அந்தப் பட்டம் குவார்ட்டர்பேக் ஜோ நேமத்துக்குப் போனது; ஜெட்ஸ் அன்று போட்ட ஒரே டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பது) ஸ்னெல்லுடையது என்பதை யாரும் இப்போது ஞாபகம் வைத்திருப்பதில்லை.

இந்த வரிசையில் சற்று நின்று பார்க்க வேண்டியவர் சோங்கா. 1968இல், அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வில், எட்டாவது ஆளாக எடுக்கப்பட்டவர். 1971, 1972, 1973 மூன்று பருவங்களிலும் ஆயிரம் கெஜத்தைத் தாண்டினார். 1972இல் 213 சுமப்புகளில் 1,117 கெஜம், சுமப்புக்கு 5.2. அதே பருவத்தில் கூட்டாளி மெர்குரி மாரிஸ் சரியாக 1,000 கெஜம். ஓர் அணியில் இருவர் ஆயிரத்தைத் தொட்டது அதுவே முதல் முறை. அந்தப் பருவத்தில் மயாமி ஆடிய 17 ஆட்டங்களிலும் ஜெயித்தது. 1974 ஜனவரி இறுதியாட்டத்தில் மினசோட்டா வைக்கிங்ஸை 24–7 என்று மயாமி தோற்கடித்தபோது குவார்ட்டர்பேக் பாப் கிரீஸி எறிந்த பந்துகள் மொத்தமே ஏழு. மற்றபடி ஓட்டந்தான். எறிய வேண்டிய தேவையே வராதபடி உயரமான ஒரு ஃபுல்பேக் பார்த்துக்கொண்டார்.

சோங்காவின் கணக்கில் எனக்குப் பிடித்த எண் வேறொன்று. வாழ்நாளில் 1,891 சுமப்புகள், 106 பிடிப்புகள், ஆக 1,997 முறை பந்து அவர் கையில் இருந்தது. நழுவவிட்டது 21 முறை. 95 முறைக்கு ஒன்று. உயரமான ஓட்டக்காரர் நிமிர்ந்து ஓடுவார், நெஞ்சு திறந்து கிடக்கும், பந்தைத் தட்டிவிடுவது சுலபம் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. இந்த எண்ணுக்கு முன் அது நிற்காது. மூக்கு பலமுறை உடைந்தது வேறு விஷயம். 1970இல் தன்னை மடக்க வந்த தடுப்பாளரை முன்கையால் தாக்கியதற்காக இவருக்கே தண்டனை விழுந்தது. பந்தோடு ஓடுகிறவருக்கு முரட்டாட்டத் தண்டனை விழுவது அந்த ஆட்டத்தில் அபூர்வம்.

இனி மறுபக்கம். சாதனை அணிகளின் மொத்தத்தில் ஃபுல்பேக்கின் பங்கு என்ன? 1972 மயாமியில் 2,960இல் சோங்காவின் பங்கு 1,117. அது 38 சதவீதம். 1978 நியூ இங்கிலாந்தில் 3,165இல் கன்னிங்ஹாம் 768. அது 24 சதவீதம். அந்த அணியில் ஐந்நூறு கெஜத்தைத் தாண்டியவர்கள் நான்கு பேர், குவார்ட்டர்பேக் ஸ்டீவ் குரோகன் உட்பட. 2019 பால்டிமோரில் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் 1,206, மார்க் இங்க்ரம் 1,018, இருவரும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு. ரிக்கார்டின் பங்கு கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை. பந்தைச் சுமப்பது அவர் வேலையே இல்லை. ஒரே உயரம், ஒரே பதவிப் பெயர், ஆனால் முதலாமவர் முதலாளி, கடைசியானவர் கூலிக்காரர்.

ஆகவே சோங்காவையும் ஹாரிஸையும் காட்டி இன்றைய உயரமான இளைஞனுக்கு ஃபுல்பேக் வேலையைப் பரிந்துரைக்க முடியாது. அவனிடம் கேட்கப்போவது மோதல். மோதலில் உயரம் செலவா, வரவா?

செலவுதான், சந்தேகமில்லை. எவ்வளவு என்பதுதான் கேள்வி. தாழ்ந்து வருகிறவன் ஜெயிப்பான் என்பது அங்கே பள்ளி அணிப் பயிற்சியாளர்கள்கூட ஓதும் முதல் பாடம். எதிராளியின் தோளுக்குக் கீழே தன் தோளைக் கொடுத்து மேல்நோக்கி நெம்பினால் அவன் கால் தரையிலிருந்து பிடி இழக்கும். மனித உடலில் தோள் இருப்பது மொத்த உயரத்தில் ஏறக்குறைய 82 சதவீதத்தில். ஐந்தடி பதினோரு அங்குலக்காரருக்கு அது 148 சென்டிமீட்டர், ஆறடி மூன்று அங்குலக்காரருக்கு 156. மோதும் கணத்தில் தோள் தரையிலிருந்து 110 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குட்டையானவர் 38 சென்டிமீட்டர் இறங்க வேண்டும், உயரமானவர் 46. எட்டுச் சொச்சம் சென்டிமீட்டர் கூடுதல். விகிதத்தில் 22 சதவீதம் அதிகம். ஓர் ஆட்டத்துக்கு 20 மோதல், பருவத்துக்கு 17 ஆட்டம் என்று போட்டால் 340 மோதல்கள். கூடுதலாக இறங்கியது மட்டும் 28 மீட்டருக்கு மேல். ஒன்பது மாடிக் கட்டடத்தின் உயரத்தை முழங்காலும் இடுப்பும் சேர்ந்து இறங்கி ஏறியிருக்கின்றன. அதுவும் நூறு கிலோவுக்கு மேல் எடையைத் தாங்கிக்கொண்டு, முழு வேகத்தில்.

ஆனால் இந்தச் செலவைப் பயிற்சியால் கட்டிவிடலாம். இடுப்பும் கணுக்காலும் மடங்குகிறவர்களுக்கு எட்டு சென்டிமீட்டர் பெரிய விஷயமில்லை. பயிற்சியால் கட்ட முடியாத செலவு இன்னொன்று இருக்கிறது. ஒரே எடையை அதிக நீளத்துக்குப் பரப்பினால் உடம்பு மெலிகிறது. அதைப் பார்க்க ஒரு எளிய அளவு வைத்துக்கொண்டேன்: உயரத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் எடை. கீழே உள்ள உயரமும் எடையும் அணிகள் வெளியிடும் பட்டியல்களின்படி, வகுத்தது நான்.

| வீரர் | உயரம் (செ.மீ.) | எடை (கிலோ) | செ.மீ.க்கு கிராம் |
|---|---|---|---|
| ஆன்டனி ஷெர்மன் | 178 | 110 | 617 |
| லொரென்ஸோ நீல் | 180 | 116 | 641 |
| வோன்டா லீச் | 183 | 118 | 645 |
| மைக் ஆல்ஸ்டாட் | 185 | 112 | 607 |
| கைல் யூஸ்செக் | 185 | 107 | 575 |
| டாரில் ஜான்ஸ்டன் | 188 | 110 | 584 |
| ஜிம் பிரவுன் | 188 | 105 | 560 |
| லாரி சோங்கா | 190.5 | 107 | 560 |
| சாம் கன்னிங்ஹாம் | 190.5 | 103 | 538 |
| ஜேம்ஸ் டெவ்லின் | 190.5 | 116 | 607 |
| பாட்ரிக் ரிக்கார்ட் | 190.5 | 136 | 714 |

உயரத்தை மறந்துவிட்டுக் கடைசிப் பத்தியை மட்டும் பாருங்கள். பந்தைச் சுமந்த பிரவுன், சோங்கா, கன்னிங்ஹாம் மூவரும் 560 அல்லது அதற்குக் கீழே. மோதுவதையே பிழைப்பாகக் கொண்ட ஷெர்மன், நீல், லீச், டெவ்லின், ரிக்கார்ட் எல்லாரும் 600க்கு மேல். இரண்டும் கலந்து செய்த ஜான்ஸ்டனும் யூஸ்செக்கும் நடுவில். ஆல்ஸ்டாட் மட்டும் வரிசையைக் கொஞ்சம் கலைக்கிறார்: 58 ஓட்ட டச்டவுன்கள் போட்ட சுமப்பாளர், ஆனால் மோதுகிறவரின் உடம்பு. அவர் ஓடிய விதத்தைப் பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது. விலகி ஓடுவதைவிட இடித்து ஓடுவதில் அவருக்கு விருப்பம் அதிகம்.

பட்டியலில் ஒரு ஜோடி, இந்தக் கேள்விக்காகவே செய்துவைத்த சோதனை மாதிரி அமைந்திருக்கிறது. நீல், டெவ்லின் இருவருக்கும் எடை ஒன்றே, 255 பவுண்டு. உயரத்தில் பத்து சென்டிமீட்டர் வித்தியாசம். நீல் 1993 முதல் 2008 வரை 16 பருவங்கள் ஆடினார். 1997 முதல் 2007 வரை தொடர்ந்து பதினோரு பருவங்கள் அவர் வழிவிட்ட ஓட்டக்காரர் ஆயிரம் கெஜம் தாண்டினார். ஒரே அணியில் இல்லை. ஜெட்ஸ், டாம்பா பே, டென்னசி, சின்சினாட்டி, சான் டியேகோ என்று அணி மாறிக்கொண்டே போனார். போன இடமெல்லாம் ஆயிரம் கெஜமும் கூடப் போனது. 2006இல் அவருக்குப் பின்னால் ஓடிய லடேனியன் டாம்லின்சன் 1,815 கெஜம், 28 ஓட்ட டச்டவுன்கள். கட்டையான ஃபுல்பேக் வேண்டும் என்பவர்களின் முதல் சாட்சி நீல்தான், நியாயமான சாட்சியும்கூட.

டெவ்லின் வந்த வழி வேறு. பிரவுன் பல்கலைக்கழகத்தில் தடுப்பு வரிசையில் ஆடியவர். 2010இல் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. உள்ளரங்க லீக், பிறகு சில ஆண்டுகளே உயிரோடிருந்த ஐக்கியக் கால்பந்து லீக் என்று அலைந்து, அங்கேதான் ஃபுல்பேக் ஆனார். 2012இல் நியூ இங்கிலாந்து வந்தார். மூன்று சூப்பர் பௌல் வெற்றிகள். 2018 பருவத்தின் நாக்-அவுட் சுற்றில் அவருக்குப் பின்னால் ஓடிய சோனி மிஷெல் மூன்று ஆட்டங்களில் 336 கெஜம், ஆறு டச்டவுன்கள். அந்த இறுதியாட்டம் 13–3 என்று முடிந்தது; அன்று விழுந்த ஒரே டச்டவுனும் மிஷெலுடையது. 190.5 சென்டிமீட்டரில் 607 கிராம் வைத்திருந்தால் இந்த வேலையை உச்சத்தில் செய்ய முடியும் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நீலின் அடர்த்தி, அதாவது சென்டிமீட்டருக்கு 641 கிராம், டெவ்லினுக்கு வேண்டுமானால் 122 கிலோ இருக்க வேண்டும், ஆறரை கிலோ கூடுதல். அது இல்லாமலே அவர் சமாளித்தார்.

ஆனால் டெவ்லினின் கணக்கு 2019இல் இரண்டே ஆட்டங்களோடு நின்றது. கழுத்துக் காயம். 2020 ஏப்ரலில் ஓய்வு. உயரம்தான் காரணம் என்று சொல்லத் தோன்றும். நீண்ட கழுத்து, அதிகம் குனிய வேண்டிய முதுகு. அவசரப்பட வேண்டாம். டாலஸ் கவ்பாய்ஸின் ஜான்ஸ்டன், 188 சென்டிமீட்டர், தொடர்ந்து 149 ஆட்டங்கள் ஆடியவர், 1997இல் கழுத்து வட்டு பிதுங்கி, 1999 பருவத்தோடு விலகினார். ஆல்ஸ்டாட், 185, கழுத்து அறுவைச் சிகிச்சை, கடைசியில் கழுத்தாலேயே ஓய்வு. சியாட்டிலின் மாக் ஸ்ட்ராங், 183, 2007இல் கழுத்து வட்டு, அத்தோடு முடிந்தது. 183, 185, 188, 190.5: உயரத்தின் ஒவ்வொரு படியிலும் ஒரு கழுத்து விழுந்திருக்கிறது. இது பதவியின் செலவு. உயரத்தின் பேரில் எழுதுவது தப்புக் கணக்கு.

எதிராளி யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஃபுல்பேக் மோதுவது பெரும்பாலும் நடு லைன்பேக்கரோடு. பல காலகட்டங்களைச் சேர்ந்த எட்டுப் பெரிய பெயர்களை எடுத்தேன். டிக் பட்கஸ், ரே நிட்ஷ்கி, லூக் கீக்லி, ஃபிரெட் வார்னர் நால்வரும் 190.5. பிரையன் அர்லாக்கர் 193. ரே லூயிஸ் 185, மைக் சிங்கிள்டரி 183, சாக் தாமஸ் 180. சராசரி 188. எட்டில் ஐந்து பேர் 190ஐத் தாண்டியவர்கள். இவர்களை யாரும் உயரம் அதிகம் என்று ஒதுக்கவில்லை. இவர்களும் அதே இடைவெளியில் அதே தோளால்தான் மோதினார்கள். மோதலின் ஒரு முனையில் 190 சென்டிமீட்டர் சிறப்பு, மறுமுனையில் அதே 190 குறை என்றால் நம்புவது கடினம்.

வரவுப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதில் சர்ச்சை இல்லை. உயரமானவர் பந்தைப் பிடிக்க வசதியான இலக்கு. குவார்ட்டர்பேக்கைத் தாக்க ஓடிவருகிறவரை நீண்ட கை தூரத்திலேயே நிறுத்தும். ஜான்ஸ்டன் பதினோரு பருவங்களில் 232 முறை சுமந்து கிடைத்தது 753 கெஜம், சுமப்புக்கு மூன்றேகால். பிடித்தது 294 பந்துகள், 2,227 கெஜம், பிடிப்புக்கு ஏழரை. அவர் கையில் பந்தைக் கொடுப்பதைவிட அவரை நோக்கி எறிந்தது இரண்டு மடங்குக்கு மேல் லாபம். அவருக்குப் பின்னால் ஓடிய எமிட் ஸ்மித் லீகின் ஓட்டப் பட்டத்தை நான்கு முறை வென்றதும், 18,355 கெஜம் என்ற வாழ்நாள் சாதனையின் பெரும்பகுதியை ஓடியதும் அந்தக் காலத்தில்தான்.

இப்படி இருந்தும் உயரமான ஃபுல்பேக்குகள் ஏன் அருகிப்போனார்கள்? கணக்கின் கனத்த பக்கம் இதுதான், அது மைதானத்தில் இல்லை, சம்பளப் பதிவேட்டில் இருக்கிறது.

தேர்வு வரிசையிலிருந்து தொடங்கலாம். பிரவுன் 1957இல் ஆறாவது ஆள். சோங்கா 1968இல் எட்டாவது. ரிகின்ஸ் 1971இல் ஆறாவது. ஹாரிஸ் 1972இல் பதின்மூன்றாவது. கன்னிங்ஹாம் 1973இல் பதினொன்றாவது. எல்லாரும் முதல் சுற்று. அடுத்த தலைமுறையில் ஜான்ஸ்டன் 1989இல் 39ஆவது, நீல் 1993இல் 89ஆவது. இப்போதைய ஃபுல்பேக்குகளில் மிகப் பெயர்பெற்ற யூஸ்செக் 2013இல் 130ஆவது. லீச், டெவ்லின், ரிக்கார்ட் மூவரையும் யாரும் தேர்ந்தெடுக்கவே இல்லை. விலை அரை நூற்றாண்டில் இப்படி விழுந்தது. காரணம் வியூக மாற்றம். வாஷிங்டன் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் எண்பதுகளின் தொடக்கத்திலேயே பின்னால் ஒரே ஓட்டக்காரரை நிறுத்தி, இரண்டாமவரை முன்வரிசை ஓரத்துக்கு அனுப்பிவிட்டார். வேடிக்கை என்னவென்றால் ரிகின்ஸ் 166 கெஜம் ஓடிய சூப்பர் பௌல் அந்த ஏற்பாட்டில் கிடைத்ததுதான். பெரிய ஃபுல்பேக்கின் கடைசிப் பெரிய நாளில் பெரும்பாலும் அவருக்கு முன்னால் இன்னொரு பேக் இல்லை.

எடையிலும் அதே சரிவு. அறுபதுகளில் கிரீன் பே அணியின் முன்வரிசைக்காரர் ஜெர்ரி கிரேமர் 111 கிலோ. அப்போது 105 கிலோ பிரவுன் முன்வரிசைக்காரரின் எடையில் 95 சதவீதம். இன்றைய சான் பிரான்சிஸ்கோ முன்வரிசையில் டிரென்ட் வில்லியம்ஸ் 145 கிலோ. யூஸ்செக் அவரில் 73 சதவீதம். முன்வரிசை வளர்ந்த வேகத்துக்கு ஃபுல்பேக் வளரவில்லை. வளர்ந்திருக்க வேண்டியவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

எங்கே போனார்கள் என்பதற்கு ஒரே அணியிலிருந்து உதாரணம் தரலாம். 2017இல் சான் பிரான்சிஸ்கோ யூஸ்செக்கை நான்கு ஆண்டுகளுக்கு 2.1 கோடி டாலருக்கு எடுத்தது. ஒரு ஃபுல்பேக்குக்கு இவ்வளவா என்று அப்போது பலரும் சிரித்தார்கள். ஆண்டுக்கு 52.5 லட்சம், அந்த ஆண்டின் அணிச் சம்பள வரம்பு 16.7 கோடியில் 3.1 சதவீதம். 2021இல் மறுபடி ஐந்தாண்டுக்கு 2.7 கோடி, ஆண்டுக்கு 54 லட்சம். ஃபுல்பேக் சம்பளத்தில் அப்போது இதுவே மேல்தட்டு. யூஸ்செக் வந்த அதே 2017இல் அதே அணி ஐந்தாம் சுற்றில் ஜார்ஜ் கிட்டிலை எடுத்தது. 193 சென்டிமீட்டர், 113 கிலோ, சென்டிமீட்டருக்கு 587 கிராம். ஜான்ஸ்டனுக்கும் கிட்டிலுக்கும் அடர்த்தியில் மூன்றே கிராம் வித்தியாசம். மோதுவதிலும் கிட்டில் யாருக்கும் இளைத்தவரில்லை. ஆனால் அவர் நிற்பது முன்வரிசை ஓரத்தில், டைட் எண்டாக. 2020இல் அவருக்கு ஐந்தாண்டுக்கு 7.5 கோடி, ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி. இருவருக்கும் உயர வித்தியாசம் ஏழரை சென்டிமீட்டர், அந்த ஒப்பந்தங்களில் சம்பள வித்தியாசம் ஆண்டுக்கு 96 லட்சம். சென்டிமீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 13 லட்சம் டாலர்! இப்படி வகுப்பது விளையாட்டுக்குத்தான். ஆனால் பதினெட்டு வயதில் ஆறடி நான்கு அங்குலம் வளர்ந்துவிட்ட பையனின் வீட்டார் இந்த வகுத்தலைச் செய்யாமல் இருக்க மாட்டார்கள்.

இன்னும் உயரம் போனால் தொகை இன்னும் ஏறுகிறது. ஜே.ஜே. வாட் 196 சென்டிமீட்டர். மத்திய மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டைட் எண்டாகத் தொடங்கி, விஸ்கான்சினில் தடுப்பு வரிசைக்கு மாறியவர். தொழில்முறையில் 131 கிலோ, சென்டிமீட்டருக்கு 668 கிராம். நீல், லீச் இருவரையும் மிஞ்சிய அடர்த்தி. ஃபுல்பேக்காக நிறுத்தியிருந்தால் எந்த லைன்பேக்கரும் அவரைத் தடுத்திருப்பாரா என்பது சந்தேகம். 2014இல் தடுப்பு வீரராக அவர் கையெழுத்திட்டது ஆறு ஆண்டுகளுக்குப் பத்துக் கோடி டாலர். அவரை யார் ஃபுல்பேக்காக நிறுத்துவார்கள்?

பந்தைச் சுமக்கத் தெரிந்த உயரமானவரும் ஃபுல்பேக் ஆவதில்லை, டெயில்பேக் ஆகிவிடுகிறார். நியூயார்க் ஜயன்ட்ஸின் பிராண்டன் ஜேக்கப்ஸ் 193 சென்டிமீட்டர், 120 கிலோ, 620 கிராம். முன்னே போய் மோதுவதற்கென்றே வார்த்த உடம்பு. 2007இல் 1,009 கெஜமும் 2008இல் 1,089 கெஜமும் ஓடினார், பந்தோடு. அறுபதுகளில் பிறந்த வியூகங்களில் அவர் ஃபுல்பேக் என்றே பதிவாகியிருப்பார்.

ஆக, ஃபுல்பேக் பதவிக்கு மிஞ்சுவது இரண்டு வகையினர். டைட் எண்டாகப் போதிய உயரம் இல்லாத 185 சென்டிமீட்டர் கெட்டிக்காரர்கள் ஒரு வகை; ஹார்வர்டில் டைட் எண்ட் இடத்தில் ஆடிவிட்டு ஃபுல்பேக் ஆன யூஸ்செக் இதில் சேர்த்தி. உயரம் இருந்தும் வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள் மற்றொரு வகை. டெவ்லினும் ரிக்கார்டும் இதில். ரிக்கார்டும் தேர்ந்தெடுக்கப்படாத தடுப்பு வரிசைக்காரர்தான், மெய்ன் பல்கலைக்கழகத்திலிருந்து 2017இல் வந்தவர். 2019 சாதனைப் பருவத்தில் தாக்குதல், தடுப்பு இரண்டு பக்கமும் ஆடினார். 2022இல் அவருக்குக் கிடைத்த ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு 1.125 கோடி, ஆண்டுக்கு 37.5 லட்சம். 2024இல் அவர் இருந்த அணியில் டெரிக் ஹென்றி 1,921 கெஜம் ஓடினார். தன் பெயரில் பெரிதாக எதையும் எழுதிக்கொள்ளாமல் இத்தனை கெஜத்துக்கு வழி திறந்தவருக்கு இது மலிவான கூலி என்பது என் எண்ணம்.

கேள்விக்கு வருவோம். ஆறடி மூன்று அங்குலம் வரை ஃபுல்பேக்காக வெற்றிபெற முடியும். சுமந்த காலத்திலும் முடிந்தது, மோதும் காலத்திலும் முடிந்தது. மோதுவதானால் குறைந்தது 115 கிலோ வேண்டும். ஆறடி நான்குக்கு மேல் போனால் உடம்பு முடியாது என்று சொல்ல இந்தக் கணக்கில் ஆதாரம் எதுவும் இல்லை. அந்த உயரக்காரருக்கு டைட் எண்ட் வேலையில் 2020இல் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டாலர் கிடைத்தது, ஃபுல்பேக் வேலையில் 2021இல் கிடைத்தது 54 லட்சம்.